ராத்திரி கரண்டும் ரேடியோ பந்தாட்டமும்

எங்க பக்கம் தோட்டத்துக்கு வர்ற திரீ பேஸ் கரண்ட்டுக்கு முறை உண்டுங்க. ஒரு வாரம் பகல்ல கூடுதலா விடுவாங்க, அடுத்த வாரம் ராத்திரியில கூடுதலா விடுவாங்க. பட்டணத்துல சுவிட்சைப் போட்டா லைட் எரியற மாதிரி இங்க இல்ல. கரண்ட் எப்பொ வருதோ அப்பொத்தான் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடறப்பத்தான் தண்ணி கட்ட முடியும். பதினஞ்சு வயசுல இருந்து நான் ராத்திரி தண்ணி கட்டிட்டு இருக்கறேன். இப்பொ அம்பத்தஞ்சு ஆகுது.

ராத்திரி தண்ணி கட்டறதுல வேலை கம்மி, காத்திருக்கறதுதான் ஜாஸ்தி. ஒரு பாத்தி நிறைஞ்சதும் மடையை அடைச்சு அடுத்ததுக்குத் திருப்பி விடோணும். அந்த ரெண்டு மடைக்கு நடுவுல வரப்புல உக்காந்திருக்கோணும். கண்ணசந்தா தண்ணி காட்டை உடைச்சுட்டு ஓடிரும். பாம்பு பயம் வேற. கையில ஒரு டார்ச், ஒரு மண்வெட்டி, கூட ஒரு ரேடியோ. அந்தக் காலத்துல எங்க ஊர்ல தண்ணி கட்டப் போற ஆளு தோள்ல ரேடியோ தொங்கலைன்னா அவன் தனியாப் போறான்னு அர்த்தம். ரேடியோ இருந்தா துணைக்கு ஆள் இருக்குன்னு அர்த்தம்.

துணைக்கு வந்த ஆளுங்க பெரிய ஆளுங்க. இலங்கை வானொலியில கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம். ராத்திரி 9.15 ஆச்சுன்னா லண்டன்ல இருந்து பிபிசி தமிழோசை. இவுங்க யாரையும் நான் பாத்ததில்ல. ஆனா குரலை வெச்சே ஒவ்வொருத்தருக்கும் மனசுல ஒரு முகம் வரைஞ்சு வெச்சிருந்தேன். பல வருஷம் கழிச்சு அப்துல் ஹமீதை டிவியில பாத்தப்ப, "இது அவரு இல்லீங்க, வேற ஆளு"ன்னு சண்டை போடலாம்னு தோணுச்சு.

பகல்ல கரகரன்னு இருக்கற ஸ்டேஷன் ராத்திரியில எப்படித் தெளிவா வருதுன்னு எங்க அறிவியல் வாத்தியார்கிட்ட ஒருக்காக் கேட்டேன். அவரு சொன்னது இன்னைக்கும் ஞாபகம் இருக்குது. வானத்துல உசரத்துல மின்னூட்டம் ஏறின காத்து அடுக்கடுக்கா இருக்குதாம். பகல்ல வெயில் பட்டு உண்டாகற கீழடுக்கு, மீடியம் வேவ் அலையை முழுங்கிரும். பொழுது சாஞ்சா அந்த அடுக்கு கலைஞ்சிரும். அப்பறம் அலை மேலடுக்குல போய் மோதி, நூத்துக்கணக்கான மைல் தள்ளி வந்து விழும். ஷார்ட் வேவ் இன்னும் மேல, பூமிக்கும் வானத்துக்குமா பல தடவை குதிச்சு குதிச்சு ஆயிரக்கணக்கான மைல் வரும். அந்த மேலடுக்கு ஆடாம நிக்காது. அதனாலதான் குரல் கிட்ட வரும், தூரப் போகும், மறுபடி கிட்ட வரும். எங்க வாய்க்கால்ல தண்ணி அலையறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லீங்க.

சரி, பந்தாட்டத்துக்கு வர்றேன்.

எங்க ஊர் பொள்ளாச்சிக்கு மேக்க. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினா கேரளா. எங்க அம்மா பொறந்த ஊரு அந்தப் பக்கம், கொழிஞ்சாம்பாறை வட்டாரம். அங்கயும் தமிழ் பேசறவங்கதான் அதிகம். ஆனா எல்லைக்கு இந்தப் பக்கம் எல்லாருக்கும் கிரிக்கெட் பைத்தியம், அந்தப் பக்கம் பந்துப் பைத்தியம். எங்க மாமா, அம்மாவுக்குத் தம்பி, லாரி டிரைவர். தேங்காய் லோடு ஏத்திட்டு கோழிக்கோடு, மலப்புறம்னு போவாரு. லோடு இறக்கிட்டு நேரா வீட்டுக்கு வர மாட்டாரு. எங்கயாவது செவன்ஸ் ஆட்டம் நடக்குதான்னு பாப்பாரு.

செவன்ஸ்னா பக்கத்துக்கு ஏழு பேர் ஆடற பந்தாட்டம். அறுத்த நெல் வயல்ல, பாக்கு மரத்தை வெட்டிக் கேலரி கட்டி, லைட் போட்டு ராத்திரியில நடக்கும். இப்பவும் நடக்குது, ஆப்பிரிக்காவுல இருந்தெல்லாம் ஆளு வந்து ஆடறாங்க. கோழிக்கோட்டுல நாக்ஜி கோப்பைன்னா மாமா ரெண்டு நாள் காணாமப் போயிருவாரு. அத்தை எங்க அம்மாகிட்ட வந்து அழுவாங்க.

பாக்கப் போக முடியாத ஆட்டத்தை ஆகாசவாணியில கேப்பாரு. மலையாளத்துல வர்ணனை வரும். தமிழ்ல நாம நேர்முக வர்ணனைன்னு சொல்றோம். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் கிரிக்கெட்டுக்குச் சொல்லுவாரே, அந்த மாதிரி. மலையாளத்துல அதுக்குப் பேரு 'த்ருக்சாக்ஷி விவரணம்'. கண்ணால பாத்த சாட்சி சொல்ற விவரம்னு அர்த்தம். கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி. சின்ன வயசுல எனக்கு அந்த வார்த்தை சிரிப்பா இருந்துச்சு. மாமா சொல்லுவாரு, "மாப்ள, பாத்தவன் பாக்காதவனுக்குச் சொல்றதுதான் சாட்சி. அதுல பொய் சொன்னா பாவம்."

1986-ல மெக்ஸிகோவுல உலகக் கோப்பை. அப்பொ நான் பத்தாவது முடிச்சிருந்தேன். எங்க ஊருக்கு டிவி வரலை. ஜூன் 22, ஞாயித்துக்கெழமை. அர்ஜென்டினாவுக்கும் இங்கிலாந்துக்கும் கால் இறுதி. அங்க மத்தியானம் 12 மணி, நமக்கு ராத்திரி 11.30. பொள்ளாச்சி மண்டியில லோடு இறக்கிட்டு மாமா எங்க தோட்டத்துக்கு வந்துட்டாரு, அவரோட ட்ரான்சிஸ்டர் ரேடியோவோட. எங்களுக்கு அன்னைக்கு ராத்திரி முறை. மேக்காட்டுல கடலை போட்டிருந்தோம். ஆனி மாசக் காத்து பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து ஊ...ன்னு அடிக்குது, சாரல் மட்டும் பத்தலை.

மோட்டார் ரூம் பக்கத்துல ரேடியோ வெச்சா 'கொர்'ருன்னு சத்தம் வரும்னு தள்ளிக் கொண்டுபோய் வரப்புல வெச்சோம். ஒரு செம்புக் கம்பியை ஏரியல்ல சுத்தி, மறு முனையைத் தென்னை மரத்துல கட்டினாரு மாமா. ஷார்ட் வேவுல பிபிசி இங்கிலீஷ். லண்டன்ல பேசறதை சிங்கப்பூர்லயும், ஓமன் நாட்டு மசீரா தீவுலயும் வாங்கி நம்ம பக்கம் திருப்பி விடுவாங்கன்னு அப்பறம்தான் தெரியும். அன்னைக்கு எங்களுக்கு அது நேரா மெக்ஸிகோவுல இருந்து வந்த சத்தம்.

எனக்குத் தெரிஞ்சது பத்தாவது இங்கிலீஷ். மாமாவுக்கு அதுவும் இல்ல. எப்படிக் கேட்டீங்கன்னு கேப்பீங்க. மாமா ஒரு பாடம் நடத்தினாரு. "வார்த்தையைக் கேக்காத மாப்ள, குரலைக் கேளு. மெதுவாப் பேசினா பந்து நடுவுல கிடக்குது. வேகமாப் பேசினா கோல்கிட்டப் போயிருச்சு. குரல் மேல ஏறி ஏறி, டக்குன்னு கீழ இறங்கினா வெளிய அடிச்சுட்டான். கூட்டத்தோட சத்தம் அவன் குரலுக்கு முந்தி வந்தா கோல். ஏன்னா கூட்டம் பாத்த ஒடனே கத்திரும், அவன் வாயில வார்த்தை வரோணுமல்ல?"

இன்னொன்னும் சொன்னாரு. "உங்க மேக்காடு இருக்குதே, அதுதான் கிரவுண்டு. கெணறு ஒரு கோல், கிழக்க புளியமரம் ஒரு கோல்." ஏதோ விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். ரொம்ப நாள் கழிச்சுக் கணக்குப் போட்டுப் பாத்தேன். உலகக் கோப்பை மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஏறக்குறைய ஒன்னே முக்கா ஏக்கர். எங்க மேக்காடு பட்டாவுல ஒன்னே முக்காலுக்கு ரெண்டு சென்ட் கம்மி. லாரி ஓட்டறவரு கண்ணால அளந்த அளவு!

முதல் பாதியில கோல் இல்ல. இடைவேளையில மூணு மடை திருப்பினேன். ரெண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்துல கூட்டம் கத்துச்சு, அப்பறம் அந்தாளு கத்தினாரு. கோல்தான். ஆனா குரல் நேரா இல்ல, இழுத்துச்சு. ஏதோ சந்தேகம். 'ஹேண்ட்'னு ஒரு வார்த்தை எனக்குப் புரிஞ்சுது. அதுக்குள்ள அலை தூரப் போயி, வெறும் இரைச்சல். மாமா ரேடியோவைத் தூக்கி நெஞ்சோட வெச்சுக்கிட்டுத் தென்னை மரத்தைச் சுத்தறாரு, எங்க நின்னா கேக்கும்னு.

குரல் திரும்பி வந்தப்ப அது ஓடிட்டு இருந்துச்சு. அப்படித்தான் சொல்லோணும். ஒரே மூச்சுல ஓடுது, ஒவ்வொரு அடிக்கும் மேல ஏறுது, எங்கயும் நிக்கல. மாமா கெணத்துப் பக்கம் இருந்து புளியமரத்துப் பக்கமா கையைக் காட்டிட்டே வர்றாரு. "வர்றான்... வர்றான்... தனியா வர்றான் மாப்ள!" அப்பறம் கூட்டத்தோட சத்தம், கடல் மாதிரி. முதல் கோல் 51-வது நிமிஷம், இது 55-வது நிமிஷம். மரடோனா தன்னோட பாதியில பந்தை வாங்கி, வழியில வந்த இங்கிலாந்து ஆளுங்களை எல்லாம் தாண்டி, கடைசியில கோல்கீப்பர் ஷில்டனையும் தாண்டிப் போட்ட கோல். 2002-ல ஃபிஃபா நடத்தின வாக்கெடுப்புல நூற்றாண்டின் கோல்னு வந்தது அதுதான்.

மொத கோல் கையில தட்டினதுங்கற விஷயம் அடுத்த நாள் சாயங்காலம் டீக்கடையில பேப்பரைப் பாத்துத்தான் முழுசாத் தெரிஞ்சுது. மாமாவுக்கு ஒரே சந்தோஷம், கையில தட்டினதுக்கு இல்ல. "பாத்தியா, அந்தாளு பொய் சொல்லல. கோல்னு ரெஃப்ரீ குடுத்தும் குரல்ல சந்தேகத்தைக் காட்டினான் பாரு. அவன் சாட்சி." அடுத்த ஞாயித்துக்கெழமை ஜெர்மனியோட ஃபைனல், 3-2. அதையும் அதே வரப்புல உக்காந்து கேட்டோம். இங்கிலாந்தோட போட்ட அந்த ரெண்டாவது கோலை நான் கண்ணால பாத்தது ரொம்ப வருஷம் கழிச்சு, என் பையன் செல்போன்ல. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல கெணறும் இல்ல, புளியமரமும் இல்ல.

அப்பறம் காலம் ஓடிருச்சுங்க. டிவி வந்துச்சு. அப்பறம் செல்போன். தமிழோசை ரேடியோ ஒலிபரப்பை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோட நிறுத்திட்டாங்க. அடுத்த நாள் ராத்திரி 9.15-க்கு, தெரிஞ்சும் தெரியாத மாதிரி, நான் அந்த இடத்துல முள்ளைத் திருப்பி வெச்சேன். வெறும் இரைச்சல். அணைக்க மனசு வரல. ரெண்டு மடை திருப்பற வரைக்கும் இரைச்சலையே ஓட விட்டிருந்தேன். இப்பொ தண்ணி கட்டற பசங்க காதுல ஒயரை மாட்டிக்கறாங்க, பாட்டு வேண்ணா பாட்டு, படம் வேண்ணா படம். அதுல குறை சொல்ல ஒன்னும் இல்ல. ஆனா நாம கேக்கற அதே நேரத்துல ஒருத்தர் எங்கயோ முழிச்சு உக்காந்து நமக்காகப் பேசிட்டு இருக்காருங்கற நெனப்பு அதுல வர்றதில்லீங்க.

மாமாவுக்கு சக்கரை நோய். பத்து வருஷத்துக்கு மேல லாரி கேபின்ல நேரங்கெட்ட நேரத்துல சாப்பிட்டதோட பலன்னு அத்தை சொல்லுவாங்க. மெதுமெதுவா கண்ணுல இறங்கிருச்சு. லேசர் வெச்சாங்க, ஊசி போட்டாங்க. 2020 வாக்குல வெளிச்சம் எது, இருட்டு எதுன்னு மட்டும் தெரியற நிலைமைக்கு வந்துட்டாரு.

2022 கத்தார் உலகக் கோப்பை. கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆத்துல மெஸ்ஸி, நெய்மார், ரொனால்டோவுக்கு ராட்சச கட்அவுட் வெச்சு உலகமே பேசுச்சே, அந்த வருஷம். டிசம்பர் 18 ஃபைனல், நமக்கு ராத்திரி 8.30. மதியமே மச்சான் போன் பண்ணினான். "அப்பாவுக்கு முன்னாடி டிவியைப் போட்டா எந்திரிச்சு உள்ள போயிர்றாருங்க மாமா. நீங்க வந்தா உக்காருவாரு." எனக்கு அன்னைக்கு ராத்திரி முறைதான். பக்கத்துத் தோட்டத்து அண்ணன்கிட்ட மடையைப் பாத்துக்கச் சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டேன்.

பெரிய டிவி, மலையாள வர்ணனை, வீடு நிறைய பொடுசுங்க. மாமா செவத்தோரமா நாற்காலியில, டிவிக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்காரு. நான் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டேன். "ஏன் மாமா உள்ள போறீங்க? வர்ணனை மலையாளத்துலதான வருது?"ன்னு கேட்டேன்.

"இவங்க பாக்கறவனுக்குச் சொல்றாங்க மாப்ள. எனக்குச் சொல்லல"ன்னாரு.

அப்பத்தான் நானும் காதைக் குடுத்துக் கேட்டேன். நெசந்தான். ஆளு பேரைச் சொல்றாங்க, "ஆஹா"ங்கறாங்க, பழைய கதை சொல்றாங்க. பந்து எங்க இருக்குன்னு சொல்லறதில்ல. எதுக்குச் சொல்லோணும்? பாக்கறவனுக்குத்தான் தெரியுதே. அவங்க வேலையை அவங்க சரியாத்தான் பண்றாங்க. ஆனா கண் இல்லாத ஆளுக்கு அது பூட்டின கதவு.

சரி, நானே சொல்றேன்னு ஆரம்பிச்சேன். "மெஸ்ஸி... டி பால்... டி மரியா..." மாமா கையைத் தூக்கி நிறுத்தினாரு. "பேரு வேண்டாம். பந்து எங்க?"

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. இடது, வலதுன்னு சொன்னா யாருக்கு இடதுன்னு கேப்பாரு. அப்பறம் சட்டுனு வந்துச்சு. "மாமா, நம்ம மேக்காடு. அர்ஜென்டினா கெணத்துப் பக்கம் நின்னு புளியமரத்தைப் பாத்து ஆடுது. பந்து இப்பொ வடக்கு வரப்போரமா, ரோட்டுப் பக்கம். புளியமரத்துக்கு அம்பதடி இருக்கும்."

மாமா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டாரு.

23-வது நிமிஷம் பெனால்டி, மெஸ்ஸி போட்டான். 36-ல டி மரியா. அந்தக் கோலுக்குப் பந்து கெணத்தடியில இருந்து அஞ்சாறு தட்டுல புளியமரத்துக்குப் போயிருச்சு. ஒரு மடையில இருந்து அடுத்த மடைக்குத் தண்ணி ஓடற மாதிரின்னு சொன்னேன். மாமா சிரிச்சாரு. ரெண்டாவது பாதியில பக்கம் மாறினதும் "இப்பொ நாம புளியமரம், அவன் கெணறு"ன்னு அவரே பொடுசுங்களுக்குச் சொன்னாரு. 80-வது நிமிஷம் எம்பாப்பே பெனால்டி போட்டான். 97 செகண்டுல இன்னொன்னு. ரெண்டுக்கு ரெண்டு. எனக்கு வாயடைச்சுப் போச்சு. டிவியையே வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்துட்டேன்.

மாமா என் தொடையில தட்டினாரு. "பேசு மாப்ள. நிறுத்தாத. நீ நிறுத்தினா எனக்கு இருட்டாயிருது."

அந்த ஒரு சொல்லை நான் மறக்க மாட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல அந்தக் குரலுங்களைக் கேட்டு வளந்திருக்கறேன். அவங்க எதுக்காக மூச்சு விடாமப் பேசினாங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது. அழகாப் பேசறதுக்காக இல்ல. அந்தப் பக்கம் ஒருத்தன் இருட்டுல உக்காந்திருக்கான்.

அதுக்கப்பறம் நான் நிறுத்தவே இல்ல. கூடுதல் நேரத்துல 108-ல மெஸ்ஸி, 118-ல மறுபடியும் எம்பாப்பே. மச்சான் வீட்டு டிவி நெட்டுல ஓடினதால பக்கத்துத் தெருவுக்கு அரை நிமிஷம் பிந்தித்தான் வரும். அங்க கத்தினா இங்க இன்னும் பந்து நடுவுல கெடக்கும். மாமாவுக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. "கூட்டத்துச் சத்தம் முந்தி வருது பாரு, அப்படியே ரேடியோ"ன்னாரு. கடைசி நிமிஷத்துல பிரான்ஸ் ஆளு கோலோ முவானி கோல்கீப்பருக்கு நேரா தனியா வந்து அடிச்சான். தெருவுல ஒரு சத்தம், கத்தலா அழுகையான்னே தெரியல. "கோலா?"ன்னு மாமா என் கையைப் புடிச்சாரு. "இல்ல மாமா. காலை நீட்டித் தடுத்துட்டான். கால்லதான். பந்து காட்டை விட்டு வெளிய இன்னும் போகல, உள்ளதான் இருக்குது." பெனால்டியில 4-2. வெளிய பட்டாசு. மாமா எதுவும் பேசாம என் கையைப் புடிச்சுட்டே இருந்தாரு. எனக்குத் தொண்டை கட்டிப் போயிருந்துச்சு.

அன்னையில இருந்து வாரத்துல ரெண்டு நாள் ராத்திரி அவருக்குப் போன் போடுவேன், தண்ணி கட்டிட்டே. ஆட்டம் இருந்தா ஆட்டம். இல்லைன்னா காட்டைச் சொல்லுவேன். எந்த மரத்துல குரும்பை கொட்டுது, எந்த வரப்புல எலி வங்கு போட்டிருக்குது, நெலா எங்க நிக்குதுன்னு. அவரு நடுநடுவுல கேள்வி கேப்பாரு. மேக்காடு இப்பொ தென்னையாயிருச்சு, இருந்தாலும் கெணறும் புளியமரமும் அங்கயேதான் இருக்குது.

டவுன்ல இருக்கறவங்களுக்கு ஒன்னு சொல்லிக்கறேன். உங்க வீட்டுலயும் கண்ணு மங்கின பெரியவங்க இருப்பாங்க. டிவி ஓடறப்ப எந்திரிச்சு உள்ள போனாங்கன்னா, அவங்களுக்கு அதுல இஷ்டம் இல்லைன்னு முடிவு கட்டிராதீங்க. ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்துல உக்காருங்க. கிரிக்கெட்டோ, சினிமாவோ, எதுவா இருந்தாலும் சரி. அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு இடத்தை வெச்சுச் சொல்லுங்க. அவங்க பொறந்த வீட்டு வாசல், வேலை பாத்த ஆபீஸ், ஏதாவது ஒன்னு.

2026 உலகக் கோப்பை ஜூன் 11-ஆம் தேதி மெக்ஸிகோ நகரத்துல, அதே அஸ்டெக்கா மைதானத்துல ஆரம்பம். மாமாவுக்கு எண்பது ஆயிரும். அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோன்னு நடக்கறதால நமக்குப் பாதி ஆட்டம் நடுராத்திரியிலயும் விடியக்காலத்துலயும்தான் வரும். அந்த வாரம் உனக்குப் பகல் முறையா ராத்திரி முறையான்னு இப்பவே கேக்கறாரு. எதுவா இருந்தாலும் வந்துர்றேன்னு சொல்லியிருக்கறேன்.